ஓடிய சக்கரமும் பின்தொடர்ந்த கணிதமும்

1889-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள், அயர்லாந்து நாட்டின் பெல்பாஸ்ட் நகரத்தில், கல்லூரி விளையாட்டுத் திடல் ஒன்றில் சைக்கிள் பந்தயங்கள் நடைபெற்றன. வில்லியம் ஹியூம் என்ற இளைஞர் தம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, கூடியிருந்தோர் நகைத்தனர் என்பர். மற்றவர்களுடைய சக்கரங்களில் மெல்லிய கெட்டி ரப்பர் வளையங்கள் பூட்டியிருக்க, அவருடைய சக்கரங்களில் மட்டும் காற்றடைத்த பருத்த குழாய்கள் சுற்றப்பட்டிருந்தன. பந்தயம் முடிந்தபின் நகைப்பதற்கு ஒருவரும் இல்லை, வென்றவர் ஹியூமே. அக்குழாய்களைச் செய்தவர் ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர். தம் மகனுடைய மூன்றுசக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்பதற்காக 1887-இல் அவர் தொடங்கிய வேலை அது. அன்று தோற்றவர்களுள் டூ குரோ குடும்பத்துச் சகோதரர்களும் இருந்தனர். அவர்களுடைய தந்தையார் ஹார்வி டூ குரோ பிள்ளைகளின் தோல்வியைக் கண்டு வருந்திக்கொண்டிருக்கவில்லை. அந்த டயரையே செய்து விற்பதற்கு அதே ஆண்டில் டப்ளின் நகரில் கம்பெனி ஒன்றைத் தொடங்கிவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த சக்கரத்திற்குப் பேட்டண்டு உரிமை பெற்றிருந்தார். அக்காலத்தில் அதை வேண்டுவார் இல்லை. ஆகவே உலகம் அவரை மறந்துவிட்டது. பின்னர் அச்செய்தி வெளிப்பட்டபோது டன்லப்பின் பேட்டண்டு செல்லாது போயிற்று. ஆயினும் இன்றுவரை நாம் டன்லப்பின் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். பந்தயத்தில் ஜெயித்தவருடைய பெயரே நிலைக்கும் போலும்!

பிரெஞ்சு நாட்டில் ஆந்திரே, எடுவார் என்ற மிச்செலின் சகோதரர்கள், கழற்றி மாட்டக்கூடிய டயரை 1891-இல் கொண்டுவந்தனர். 1895-இல் பாரிஸ் நகரிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில், காற்று டயர் பூட்டிய மோட்டார் வண்டி ஒன்றைத் தாமே ஓட்டிச் சென்றனர். வழியெல்லாம் பஞ்சர். ஆனாலும் காற்றடைத்த டயர் மோட்டார் வண்டியின் சுமையையும் தாங்கும் என்பதை உலகம் கண்டுகொண்டது.

மாணவ நண்பர்களே, இவர்களுள் ஒருவருக்கேனும், தாம் செய்த டயர் சாலையை ஏன் பற்றிக்கொள்கிறது என்று தெரியுமா? தெரியாது. தெரியவேண்டிய தேவையும் அப்போது எழவில்லை. பொருள் முதலில் பிறந்தது, பந்தயத்தில் வென்றது, உலகமெங்கும் பரவியது. அதைப் பற்றிய அறிவோ மிகப் பின்னால், மூச்சு வாங்க ஓடிவந்தது. அந்த அறிவு எப்படி வந்தது, எங்கே இடறியது என்பதையே இன்று பேச எண்ணுகிறேன்.

உங்கள் பௌதிகப் பாடநூலில் உராய்வு விதிகளைப் படித்திருப்பீர்கள். 1699-இல் பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் கூறியவை இரண்டு: உராய்வு விசை சுமைக்கு நேர் விகிதத்தில் அமையும், தொடும் பரப்பு பெரிதாயினும் சிறிதாயினும் விசை மாறாது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூலோம் மற்றொன்றைச் சேர்த்தார்: வழுக்கும் வேகத்தையும் அது பெரும்பாலும் பொருட்படுத்தாது. மரத்துக்கும் இரும்புக்கும் இவ்விதிகள் ஓரளவு பொருந்துகின்றன. ரப்பருக்கு இம்மூன்றில் ஒன்றேனும் பொருந்துவதில்லை. சுமை இருமடங்கானால் ரப்பரின் பிடிப்பு இருமடங்காவதில்லை. பரப்பு அகன்றால் பிடிப்பு கூடுகிறது; இல்லையேல் பந்தயக் கார்களுக்கு அத்துணை அகலமான டயர்கள் எதற்கு? வேகம் மாறினாலும் வெப்பம் மாறினாலும் பிடிப்பும் மாறுகிறது. எனவே மற்ற பொருள்களுக்குச் சொல்வதுபோல், ‘ரப்பரின் உராய்வுக் கெழு இவ்வளவு’ என்று ஒரே எண்ணைக் கூறி முடித்துவிட இயலாது.

முதல் தெளிவு ரப்பரை ஆராய்ந்தவர்களிடமிருந்து வரவில்லை. வண்டியின் முன்சக்கரங்கள் ஏன் பதறி ஆடுகின்றன என்று ஆராய்ந்தவரிடமிருந்து வந்தது. 1925-இல் ஜார்ஜ் புருலியே என்ற பிரெஞ்சு எஞ்சினியர் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். வளைவில் திரும்பும்போது சக்கரம் தான் பார்க்கும் திசையில் செல்வதில்லை; அத்திசையிலிருந்து சிறிது விலகியே செல்கிறது. பார்க்கும் திசைக்கும் போகும் திசைக்கும் இடையே சில டிகிரி கோணம் விழுகிறது. அதனை நழுவு கோணம் என்று நாம் சொல்லலாம். அந்தக் கோணம் விழுந்தால்தான் வண்டியை வளைவுக்குள் இழுக்கும் பக்க விசை பிறக்கிறது. கோணம் இல்லையேல் விசையும் இல்லை. பிரேக் போடும்போதும் இதே கதைதான். சக்கரம் சாலையின் வேகத்தைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் சுழன்றால்தான் தடுக்கும் விசை கிடைக்கிறது. சிறிதளவு நழுவாமல் பிடிப்பு என்பதே கிடையாது என்பது இதன் பொருள்.

இது எப்படி நிகழ்கிறது? சுண்ணாம்பு அடிக்கும் தூரிகை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். டயரின் மேற்பரப்பு முழுவதும் அத்தகைய சிறு மயிர்கள் நெருங்கி நிற்பதாகக் கற்பனை செய்யுங்கள். சக்கரம் உருளும்போது சாலையைத் தொடும் இடம் உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்தாற்போன்ற சிறிய பரப்புத்தான். அப்பரப்பின் முன்விளிம்பில் ஒரு மயிர் வந்து சாலையைத் தொடும்போது அது நேராக நிற்கிறது. அதன் நுனியைச் சாலை பிடித்துக்கொள்கிறது. அடியோ சக்கரத்தோடு வேறு திசையில் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே பின்னே செல்லச் செல்ல மயிர் மேலும் மேலும் வளைகிறது. வளைய வளைய அது இழுக்கும் விசையும் பெருகுகிறது. ஓர் எல்லையில் நுனி பிடியை விட்டு வழுக்குகிறது. எனவே அந்தச் சிறிய பரப்பின் முற்பகுதி பற்றிக்கொண்டிருக்க, பிற்பகுதி வழுக்கிக்கொண்டிருக்கிறது. நழுவு கோணம் மிகுந்தால் வழுக்கும் பகுதி முன்னோக்கிப் பரவும். முழுப் பரப்பையும் அது விழுங்கிவிட்டால் வண்டி ஓட்டுபவரின் கையை விட்டுப் போயிற்று என்று கொள்ளலாம்.

இங்கே மற்றொரு நுட்பமும் உண்டு. விசை மிகுதியாகப் பிறப்பது பரப்பின் நடுவிலன்று, சற்றுப் பின்னால். அதனால் சக்கரத்தை நேராகத் திருப்பிவிட முயலும் ஒரு முறுக்கு எழுகிறது. அதனை ஓட்டுபவர் ஸ்டியரிங் வழியே தம் கைகளில் உணர்கிறார். வழுக்கும் பகுதி பரவத் தொடங்கியதும், பிடிப்பு உச்சத்தை எட்டுவதற்குச் சற்று முன்னரே, அம்முறுக்கு தளர்ந்துவிடுகிறது. கைதேர்ந்த ஓட்டுநர்கள் ‘ஸ்டியரிங் இலேசாகிவிட்டது’ என்று கூறுவது இதைத்தான். எல்லை நெருங்குகிறது என்பதற்கு டயர் முன்கூட்டியே அனுப்பும் ஓலை அது. சூத்திரம் எதுவும் எழுதப்படுவதற்கு முன்பே பந்தய வீரர்கள் அந்த ஓலையைப் படிக்கக் கற்றிருந்தனர்.

அடுத்த முன்னேற்றம் விமானத் துறையிலிருந்து வந்தது. விமானம் தரையிறங்கும்போது அதன் சக்கரம் பதறி ஆடி முறிந்துவிடும் ஆபத்து இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மனியில் ஷ்லிப்பே, டீட்ரிக் என்ற இருவர், டயரை இழுத்துக் கட்டிய கயிறாகப் பாவித்து இதற்குக் கணக்கிட்டனர். போருக்குப் பின் அமெரிக்காவில் பஃபலோ நகரத்துக் கார்னெல் விமான ஆராய்ச்சிச் சாலை இத்துறையில் இறங்கியது. அதில் தலைமை வகித்த வில்லியம் மில்லிக்கன் முன்னர் போயிங் கம்பெனியில் விமானங்களைச் சோதித்தவர், பந்தய ஓட்டுநரும்கூட. 1948-இல் வாட்கின்ஸ் கிளென் என்ற ஊரில் நடந்த முதற் பந்தயத்தில் தம் புகாட்டி காரைக் கவிழ்த்துவிட்டார். அந்த வளைவுக்கு மில்லிக்கன் வளைவு என்றே பெயர் வழங்கலாயிற்று. அவரோ அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, நூறு வயது கடந்து 2012-இல் மறைந்தார். விமானம் காற்றில் எப்படி நிலைத்து நிற்கிறது என்பதற்கு எழுதிய சமன்பாடுகளைப் போலவே, கார் சாலையில் எப்படி நிலைத்து ஓடுகிறது என்பதற்கும் எழுதலாம் என்பதே அவர் குழுவினரின் துணிபு. அதற்குக் காற்றின் இடத்தில் டயரை வைக்கவேண்டும். டயரை வைப்பதற்கு முன் அதை அளக்கவேண்டும். விமானப் படைக்காகச் செய்த அளவைப் பொறியைக் கொண்டு அவர்கள் அளந்தனர். 1956-இல் இலண்டன் இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் அவர்கள் படித்த கட்டுரைகள் இத்துறைக்கு அடிப்படையாயின.

அளந்தபோது தெளிவாகத் தெரிந்த ஒன்றைச் சிறிய கணக்கால் விளக்கலாம். எண்கள் விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. 400 கிலோ சுமையைத் தாங்கும்போது 400 கிலோ அளவு பக்க விசை தரும் டயர், 800 கிலோவைத் தாங்கும்போது 720 தான் தருகிறது என்று கொள்வோம். இரு முன்சக்கரங்களிலும் 400, 400 என்று சுமை இருந்தால் மொத்தம் 800 கிலோ விசை கிடைக்கும். வளைவில் வண்டி சாய்கிறது. வெளிச்சக்கரத்தில் 600, உட்சக்கரத்தில் 200 என்று சுமை மாறுகிறது. இப்போது வெளிச்சக்கரம் 570 தரும். உட்சக்கரம் 210 தரும். கூட்டினால் 780. வண்டியின் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை; ஆனால் பிடிப்பில் 20 கிலோ காணாமற் போய்விட்டது. பந்தயக் கார்களைத் தரையோடு தரையாகத் தாழ்த்திக் கட்டுவதும், முன்னச்சிலும் பின்னச்சிலும் இந்த இழப்பை எவ்வாறு பங்கிடுவது என்று எஞ்சினியர்கள் இரவெல்லாம் தலையை உடைத்துக்கொள்வதும் இந்த 20 கிலோவுக்காகத்தான்.

இவையெல்லாம் டயர் என்ன செய்கிறது என்பதைச் சொல்லின. ரப்பர் ஏன் அப்படிச் செய்கிறது என்ற கேள்விக்கு விடை வேறோர் இடத்தில் பிறந்தது. அந்த இடத்திற்கும் தமிழர்க்கும் ஒரு தொடர்பு உண்டு. இலண்டனுக்கு வடக்கே வெல்வின் கார்டன் சிட்டி என்னும் ஊரில் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. அதை நடத்திய பணம் மலேயா ரப்பர்த் தொழிலின் பணம். அந்த மலேயாத் தோட்டங்களில் விடியற்காலை இருளில் எழுந்து பால்மரம் சீவியவர்களுள் பெருந்தொகையினர் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கப்பலேறிச் சென்ற தமிழ் மக்கள். அவர்களுடைய பெயர்கள் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் இடம்பெறவில்லை. ஆனால் அவர்களுடைய உழைப்பில் விளைந்த செல்வத்திலிருந்தே அந்த ஆராய்ச்சிக்கு ஊதியம் வழங்கப்பட்டது.

அங்கே குரோஷ் என்பவர் ரப்பர்த் துண்டைக் கண்ணாடியின் மீதும் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான பரப்பின் மீதும் மிக மிக மெதுவாக இழுத்துப் பார்த்தார். உறைபனியைவிடக் கடுங்குளிர் தொடங்கிக் கொதிநீரை நெருங்கும் வெப்பம் வரை பல வெப்பநிலைகளில் இழுத்தார். 1963-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் முடிவுகள் வெளிவந்தன. வெப்பத்தைக் கூட்டுவதும் வேகத்தைக் குறைப்பதும் ரப்பருக்கு ஒன்றே என்பது அதன் சாரம். ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் சிக்கல். சங்கிலி ஒன்று நெகிழ்ந்து கொடுப்பதற்குச் சிறிது நேரம் வேண்டும். வெப்பம் மிகுந்தால் அந்த நேரம் குறையும். திரவக் காற்றில் அமிழ்த்திய ரப்பர், சுத்தியால் தட்டினால் கண்ணாடிபோல் உடைவதைப் பார்த்திருப்பீர்கள். மிக வேகமாக இழுத்தால், குளிர வைக்காமலே அது கண்ணாடியின் குணத்தை நோக்கிச் செல்கிறது.

பிடிப்பு இரு வழிகளில் பிறக்கிறது என்பதும் அச்சோதனையில் வெளிப்பட்டது. மூலக்கூறுகள் எதிர்ப்பரப்போடு ஒட்டி ஒட்டி விடுபடுவது ஒன்று. சாலையின் சிறு மேடுகள் ரப்பருக்குள் புதைந்து செல்லும்போது ரப்பர் அமுங்கி, உடனே மீளாமல் தாமதித்து மீள்வதால் எழும் தடை மற்றொன்று. இரண்டிலும் செலவாகும் ஆற்றல் வெப்பமாகிறது. ரப்பர் எவ்வளவு சோம்பேறித்தனமாக மீள்கிறதோ அவ்வளவு பிடிப்பு. பால்மரத்து ரப்பர் துடிப்பாக மீள்வது. ஆதலால் லாரி டயருக்கும் விமான டயருக்கும் அது ஏற்றது. பந்தய டயரின் மேற்பரப்புக்கு ஸ்டைரீன், பியூடடையீன் என்ற பொருள்களால் செய்த செயற்கை ரப்பரையே பெரிதும் நாடுகின்றனர்; அது சோம்பலில் தேர்ந்தது. (மனிதருள் இவ்வாறு சோம்பலுக்குப் பரிசு தருவார் இல்லை.)

அதே நிலையத்தில் பணிபுரிந்த ஷாலமாக் 1971-இல் மற்றொரு விந்தையைக் காட்டினார். பெரிய ஜமுக்காளத்தை நகர்த்தவேண்டுமானால் முழுவதையும் இழுப்பது கடினம். ஓரத்தில் ஒரு சுருக்கத்தை உண்டாக்கி அச்சுருக்கத்தை மறு ஓரம் வரை தள்ளிக்கொண்டு போனால் ஜமுக்காளம் சிறிது நகர்ந்திருக்கும். வழவழப்பான பரப்பின் மீது மென்மையான ரப்பர் நகர்வதும் சில வேளைகளில் அவ்வாறே. அது வழுக்குவதில்லை, சுருக்க அலைகளாக ஊர்ந்து செல்கிறது.

நிற்க. பிடிப்பைத் தருவது எதுவோ அதுவே வெப்பத்தையும் தருகிறது. வெப்பம் ரப்பரின் குணத்தை மாற்றுகிறது. குணம் மாறினால் பிடிப்பும் மாறுகிறது. இதுதான் பந்தய டயரின் முழுத் தொல்லையும். சாதாரண காரின் டயர் தன் திறமையின் சிறு பகுதியையே பயன்படுத்துவதால் இந்தச் சுழல் அங்கே அவ்வளவாகத் தலைகாட்டுவதில்லை. பந்தய டயரோ எப்போதும் எல்லையின் விளிம்பில் வேலை செய்வது. 1971-இல் ஃபார்முலா ஒன்று பந்தயங்களில் வரிப்பள்ளம் ஒன்றும் இல்லாத மொட்டை டயர்கள் வந்தன. அவை சூடேறினால்தான் பிடிக்கும். அளவுக்கு மீறிச் சூடேறினால் பிடிப்பை இழந்து குமிழிவிட்டுச் சிதையும். மேற்பரப்பின் வெப்பம் ஒவ்வொரு வளைவிலும் ஏறி இறங்குகிறது. உள்ளுடலின் வெப்பமோ பல சுற்றுகளுக்குப் பின்னரே மெல்ல ஏறுகிறது. உட்காற்றின் அழுத்தம் அதைத் தொடர்ந்து ஏறுகிறது. அழுத்தம் மாறினால் தொடும் பரப்பின் வடிவம் மாறுகிறது. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

இந்த நிலையில் ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் பசேய்க்கா என்ற பேராசிரியர் வேறு வழியில் சென்றார். 1966-இல் சக்கரம் பதறி ஆடுவதைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர் அவர். ஸ்வீடன் நாட்டு வால்வோ கம்பெனியாரோடு சேர்ந்து அவர் குழுவினர் 1987-இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டனர். நழுவு கோணத்தையும் விசையையும் கோட்டுப்படமாக வரைந்தால், கோடு முதலில் நேராக ஏறும், பிறகு வளையும், உச்சியை அடைந்து சற்றே இறங்கும். எந்த டயரை அளந்தாலும் இதே சாயல். டான்ஜெண்ட்டின் எதிர்ச்சார்பை எடுத்து, அதைச் சைன் சார்புக்குள் செலுத்தினால், அச்சாயல் அப்படியே கிடைக்கிறது. தொடக்கத்தின் செங்குத்து எவ்வளவு, உச்சியின் உயரம் எவ்வளவு, பொதுவான வடிவம் என்ன, உச்சியருகே வளைவு எப்படி என்று நான்கு எண்களைக் கொடுத்துவிட்டால் போதும். ஏன் சைன், ஏன் டான்ஜெண்ட் என்றால் ரப்பரின் பௌதிகத்தில் அதற்குக் காரணம் ஏதும் இல்லை. பொருந்துகிறது, அவ்வளவே. எனவே அதற்கு ‘மாயச் சூத்திரம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இதைக் குறைத்து மதிப்பிடுவார் உண்டு. எனக்கு அது சரியாகத் தோன்றவில்லை. கெப்ளர் கோள்களின் பாதையைப் பொருத்திக் காட்டிய பிறகல்லவா நியூட்டன் காரணத்தைச் சொன்னார்? உலகெங்கும் கார் செய்வோர் இன்றும் இச்சூத்திரத்தைக் கையாளுகின்றனர். ஆயினும் அதன் குறையையும் சொல்லவேண்டும். அந்த நான்கு எண்களும் சுமையோடு மாறுகின்றன. சக்கரத்தின் சாய்வோடு மாறுகின்றன. பிரேக்கும் திருப்பமும் சேர்ந்து வந்தால், ஒரு பானைச் சோற்றை இருவர் பங்கிடுவதுபோல் இரண்டும் குறைகின்றன. இவற்றையெல்லாம் சேர்க்கச் சேர்க்க, நான்கு எண்கள் பல பத்து எண்களாகப் பெருகின. பிற்காலப் பதிப்புகளில் காற்றழுத்தமும் சேர்ந்தது. பந்தய டயருக்கு உயிர்நாடியான வெப்பத்துக்கு மட்டும் அச்சூத்திரத்தில் இடம் இல்லை. அளந்த அன்று, அளந்த வெப்பத்தில், அளந்த பரப்பின் மீது டயர் எப்படி நடந்துகொண்டதோ அதையே அது திருப்பிச் சொல்லும்.

அளப்பதும் எளிதன்று. சுழலும் பெரிய உருளையின் மீது டயரை ஓடவிட்டால், உருளையின் வளைவு தொடும் பரப்பின் வடிவத்தைக் கெடுத்துவிடுகிறது. ஆகவே 1970-களில், கால்ஸ்பன் என்று பெயர் மாறிய அதே பஃபலோ ஆராய்ச்சிச் சாலையில், தட்டையான எஃகுப் பட்டையின் மீது டயரை ஓட்டும் பெரும்பொறி அமைந்தது. பட்டையின் மேல் உப்புத்தாள் ஒட்டப்படும். அது எந்த ஊர்ச் சாலையும் அன்று. மேலும், ஒரு முறை அளப்பதற்குள் டயர் சூடேறித் தேய்ந்துவிடுகிறது. தொடக்கத்தில் இருந்த டயர் முடிவில் இல்லை. அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் தாமே சிறு பந்தயக் கார்களைக் கட்டிப் போட்டியிடும் வழக்கம் உண்டு. நம் நாட்டு மாணவர்களும் அத்தகைய போட்டிகளில் ஈடுபடுகின்றனர். தனித்தனியே அளக்கும் செலவை ஒரு கல்லூரியால் தாங்கமுடியாது. எனவே 2005-ஆம் ஆண்டளவில் கல்லூரிகள் பல கூடிப் பணம் சேர்த்து, அந்தப் பொறியில் அளந்த எண்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஒன்று தோன்றியது. உப்புத்தாளில் கிடைத்த பிடிப்பு தார்ச்சாலையில் கிடைக்காது என்பதை அறிந்து, அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வது அம்மாணவர்களின் வழக்கம்.

சாலையை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு, 2005-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்ததைச் சொல்லவேண்டும். அவ்வாண்டு விதிப்படி ஒரே தொகுதி டயர்கள் பந்தயம் முழுவதும் தாங்கவேண்டும். அந்தப் பாதையின் 13-ஆம் வளைவு ஏறத்தாழ 9 டிகிரி சாய்ந்து கட்டப்பட்டது. கார்கள் முழு வேகத்தில் செல்லும் இடம். அதன் தரை அண்மையில் புதுப்பிக்கப்பட்டு, வைர முனைகளால் நுண்ணிய வரிகள் கீறப்பட்டிருந்தது. ஜூன் 17-ஆம் நாள் பயிற்சியின்போது ரால்ஃப் ஷூமாக்கரின் இடப் பின்டயர் அவ்வளைவில் சிதைந்தது. கார் சுவரில் மோதியது. மிச்செலின் கம்பெனியார் மற்ற டயர்களைச் சோதித்தபோது அவற்றிலும் பழுது தொடங்கியிருக்கக் கண்டனர். பிரான்சிலிருந்து வேறு டயர்களை விமானத்தில் வரவழைத்தனர். அவற்றாலும் பயன் இல்லை. நூறாண்டு அனுபவமும் உலகத்தின் தலைசிறந்த ஆய்வுச்சாலைகளும் உடைய கம்பெனி, அந்த வளைவில் வேகத்தைக் குறைக்க வழிசெய்தாலன்றி எங்கள் டயர்களுக்குப் பொறுப்பேற்க இயலாது என்று எழுதிக் கொடுக்கவேண்டியதாயிற்று.

வளைவை மாற்ற நிர்வாகிகள் இசையவில்லை. ஜூன் 19-ஆம் நாள் இருபது கார்களும் அணிவகுத்து ஒரு சுற்று வந்தன. சுற்று முடிந்ததும் மிச்செலின் டயர் பூட்டிய 14 கார்கள் ஒதுங்கிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய 6 கார்கள் மட்டும் ஓடின. தொலைதூரங்களிலிருந்து பணம் செலவழித்து வந்திருந்த மக்கள் கூச்சலிட்டனர், பாட்டில்களை வீசினர். அவர்களுடைய சினம் நியாயமானதே. ஆனால் அந்த 14 ஓட்டுநர்களுள் எவரும் அன்று சுவரில் மோதி மாளவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. தெரியாது என்பதை மூன்று நாட்களுக்குள் தெரிந்துகொண்டு, அதை வெளிப்படையாகச் சொன்னதால் காக்கப்பட்ட உயிர்கள் அவை. பின்னர் அக்கம்பெனி நுழைவுச் சீட்டுகளின் விலையைத் திருப்பித் தந்தது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2008 ஜூலையில், அதே இண்டியானாபொலிஸ் பாதையில் வேறு வகைக் கார்களுக்கு வேறு கம்பெனியின் டயர்களோடு நடந்த பந்தயத்திலும் தொல்லை வந்தது. வழக்கமாகப் பந்தயம் ஓட ஓட, தேய்ந்த ரப்பர் தரையில் கறுப்பாகப் படிந்து, அப்படலம் பின்வரும் டயர்களுக்கு மெத்தையாக உதவும். அன்று ரப்பர் தரையில் ஒட்டவில்லை. மாவுபோல் பொடிந்து பறந்தது. டயர்கள் சில சுற்றுகளிலேயே நூல் தெரியத் தேய்ந்தன. ஏறத்தாழ 10 அல்லது 12 சுற்றுகளுக்கு ஒருமுறை பந்தயத்தை மட்டுப்படுத்தி டயர் மாற்ற நேர்ந்தது. 2013 ஜூன் 30-ஆம் நாள் இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் பாதையில் பிரெல்லி டயர்கள் ஓடும்போதே கிழிந்த செய்தியையும் இங்கே சேர்க்கலாம். இடச் சக்கரத்துக்குச் செய்த பின்டயரை வலத்தில் மாட்டியது, குறைந்த காற்றழுத்தம், மிகுந்த சாய்வு, பாதையோரத்துக் கூரிய விளிம்புக் கற்கள் என்று பல காரணங்கள் ஒன்றுசேர்ந்ததாகக் கம்பெனியார் கூறினர். தனித்தனியே தாங்கக்கூடியவை சேர்ந்து வந்தபோது தாங்கவில்லை.

குரோஷ் சொன்ன காரணத்தையும் பசேய்க்காவின் சூத்திரத்தையும் ஒன்றுசேர்க்கும் முயற்சிகள் ஓய்ந்துவிடவில்லை. ஜெர்மனியில் யூலிக் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பெர்சன் 2001-இல் புதிய கொள்கை ஒன்றை வகுத்தார். சாலையின் சொரசொரப்பில் விரற்கடை அளவுள்ள கற்கள் உண்டு; அக்கற்களின் மேல் மணலளவு மேடுகள் உண்டு; அவற்றின் மேலும் நுண்ணிய மேடுகள் உண்டு. ஒவ்வோர் அளவிலும் ரப்பர் எவ்வளவு ஆற்றலை இழக்கிறது என்று கூட்டிப் பிடிப்பைக் கணக்கிடலாம் என்பது அவர் வழி. சாலையை நுண்கருவியால் அளந்து, ரப்பரை ஆய்வுச்சாலையில் அளந்துவிட்டால், டயரை ஓட்டாமலே பிடிப்பைச் சொல்லலாம் என்ற ஆசை இதில் உண்டு. ஆனால் எந்த மிகச்சிறிய மேட்டில் கணக்கை நிறுத்துவது என்று கேட்டால் அங்கே மறுபடியும் சிக்கல். டயரின் இழைகள், பட்டைகள், காற்று, வெப்பம் ஆகிய அனைத்தையும் நுணுக்கமாகக் கணக்கிடும் கணிப்பொறி மாதிரிகளும் உள்ளன. நுணுக்கம் கூடினால் கணக்குக்கு நேரம் பிடிக்கிறது. ஓட்டுநர் அமர்ந்து பயிலும் பாவனைப் பொறிக்கோ ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் விடை வேண்டும். எனவே அங்கே பெரும்பாலும் மாயச் சூத்திரமே, வெப்பத்துக்கென்று தனியே ஒட்டுப்போட்டுக்கொண்டு, இன்னும் வேலை செய்கிறது.

பந்தயத்துக்கு முன்னான பயிற்சி நாட்களில் இன்றும் ஒரு காட்சியைக் காணலாம். கார் சில சுற்றுகள் ஓடித் திரும்பி வந்து நிற்கும். உடனே மெக்கானிக் ஒருவர் கையில் ஊசி போன்ற வெப்பமானியோடு சக்கரத்தின் அருகே குனிவார். டயரின் உள்விளிம்பில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, வெளிவிளிம்பில் ஒருமுறை ஊசியை ரப்பருக்குள் செலுத்தி, மூன்று எண்களைச் சொல்வார். மற்றொருவர் அவற்றைக் குறித்துக்கொள்வார். ரப்பர் ஆறிவிடுவதற்குள் நான்கு சக்கரங்களையும் முடிக்கவேண்டும்.